விரலா, நெற்றியா, கெண்டைக்காலா: ஆபத்தான நிலையிலுள்ள இதய நோயாளிக்கு எந்த ஆக்சிஜன் எண்ணை நம்புவது?

2021-ல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரில் வீட்டுக்கு ஒன்றாக ஆக்சிமீட்டர் கொடுத்தது. அதிலிருந்து விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. 95-க்கு மேல் என்றால் நிம்மதி, கீழே இறங்கினால் பதற்றம். கொவிட் காலத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தியது, ஏனென்றால் நுரையீரல் கெட்டால் விரல் எண்தான் முதலில் விழும். இதயம் தளர்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு அது பொருந்தாது. விரலில் 98 நின்றுகொண்டிருக்கும். அதே நேரத்தில் குடலும் சிறுநீரகமும் ஆக்சிஜன் பற்றாமல் வாடிக்கொண்டிருக்கும்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 14 கிராம், அதன் ஆக்சிஜன் செறிவு (விரல் எண் சொல்வது இதைத்தான்) 98 சதவீதம் என்றால், அதில் சுமார் 18.4 மில்லிலிட்டர் ஆக்சிஜன். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் இறைத்தால் உடலுக்குப் போவது 920 மில்லிலிட்டர். உடல் எடுத்துக்கொள்வது சுமார் 250. மிச்சத்தோடு இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தத்தின் செறிவு 71 சதவீதம். இப்போது இதயம் தளர்ந்து 2.5 லிட்டர்தான் இறைக்கிறது என்று வையுங்கள். போவது 460 ஆகச் சுருங்கிவிட்டது, உடலின் தேவை அதே 250. திரும்பும் ரத்தத்தின் செறிவு 45-க்கு இறங்கிவிடுகிறது. விரல் எண்? அதே 98. ஹீமோகுளோபின் 14-லிருந்து 7-க்கு விழுந்தாலும் இதே கதைதான். விரல் கிளிப்புக்கு இரண்டும் தெரியாது.

லாரியில் எவ்வளவு சரக்கு ஏறியிருக்கிறது என்று சொல்வது விரல் கிளிப். எத்தனை லாரி கிளம்பியது, கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாவது கேள்விக்குத் தோலைக் கிழிக்காமல் பதில் சொல்லும் வழிகள் பல இருக்கின்றன. எந்த நோயாளிக்கு எது என்று முடிவெடுப்பதில்தான் சிக்கல்.

இருக்கிற கிளிப்பை முதலில் ஒழுங்காகப் பயன்படுத்துவது

புதுக் கருவி வாங்குவதைப் பற்றிப் பேசும் முன், ஏற்கனவே ஒவ்வொரு படுக்கையிலும் இருப்பதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்வது நல்லது. கிளிப் 660, 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள இரண்டு ஒளிகளை விரலுக்குள் செலுத்துகிறது. 1974-ல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்ட வழி, துடிக்கிற பகுதியை மட்டும் பிரித்து அதைத் தமனி ரத்தம் என்று எடுத்துக்கொள்வது. அதன் பலமும் பலவீனமும் அங்கேதான். துடிப்பு இல்லையென்றால் எண் இல்லை. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் எக்மோ இயந்திரம் ரத்தத்தை ஒரே சீராகத் தள்ளும்போதும், இதயத் துணைப் பம்பு வேலை செய்யும்போதும், ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து ஏறிக் கைகால் சில்லிட்டுப்போகும்போதும் கிளிப் தடுமாறும். நமக்கு அது மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

அதே கிளிப் தரும் இன்னோர் எண்ணைப் பலரும் பார்ப்பதில்லை: துடிப்புப் பகுதிக்கும் துடிக்காத பகுதிக்கும் உள்ள விகிதமான பெர்ஃப்யூஷன் இன்டெக்ஸ். 0.3, 0.4 என்று இறங்கினால் விரலுக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள், அந்த நேரத்துச் செறிவு எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மருந்து அளவு மாறும்போதெல்லாம் இது ஏறி இறங்கும் என்பதால், மருந்து மாற்றிய நேரத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் பயன்படும்.

நம் தோல் நிறத்துக்கு நேராகச் சம்பந்தமுள்ள செய்தி ஒன்று. 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, கிளிப்பில் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்தது. உண்மையான செறிவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கருமை கூடக்கூடக் கிளிப் நிலைமையை நல்லதாகக் காட்டும் பக்கம் சாய்கிறது. சிங்கப்பூர் வார்டில் அடுத்தடுத்த படுக்கைகளில் சீனர், மலாய்க்காரர், தமிழர் படுத்திருக்கையில் மூவருக்கும் ஒரே எல்லைக்கோடு வைப்பது நியாயமில்லை. இதற்குச் செய்யக்கூடியது எளிது: தமனி ரத்த வாயுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் அதே நிமிடம் கிளிப் எண்ணையும் எழுதி, வித்தியாசத்தைக் குறித்து வைப்பது. கிளிப் 96, ரத்தம் 91 என்றால் அந்த நோயாளிக்கு அடுத்த சில மணி நேரம் ஐந்தைக் கழித்தே படிக்க வேண்டும். நிலைமை மாறினால் மறுபடி ஒப்பிட வேண்டும்.

சில சில்லறை இடைஞ்சல்களும் உண்டு. இதய அறுவைக்குப் பின் ரத்த அழுத்தம் அடங்காமல் விழும்போது மெத்திலீன் ப்ளூ கொடுத்தால், சில நிமிடங்களுக்குக் கிளிப் எண் திடீரென்று சரியும். அது உண்மையான சரிவல்ல, சாயம் ஒளியை விழுங்குவது. தீபாவளியை ஒட்டி வரும் பெண்களின் விரலில் சிவந்த மருதாணி பெரும்பாலும் தொந்தரவு செய்யாது, கன்னங்கரேலென்று பூசும் வகை சிக்னலை மறைத்துவிடும். காதுமடலுக்கு மாற்றினால் தீர்ந்தது.

நெற்றியில் ஒட்டும் நிர்ஸ்

அடுத்தது நிர்ஸ் (NIRS, அண்மை அகச்சிவப்பு ஒளியால் திசுவின் ஆக்சிஜனை அளப்பது) என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் கருவி. 1977-ல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ் காட்டியது அடிப்படை: சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள ஒளி தோலையும் எலும்பையும் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வரும். ஒட்டும் பட்டையின் ஒரு முனையில் ஒளி, சில சென்டிமீட்டர் தள்ளி இரண்டு உணரிகள். கிட்டே இருக்கும் உணரி தோலையும் எலும்பையும் பார்க்கிறது, தள்ளி இருப்பது அதற்கும் கீழே பார்க்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மூளையின் மேற்பரப்பு. இன்வோஸ் என்ற தயாரிப்பில் இந்தத் தூரங்கள் 3, 4 சென்டிமீட்டர். ஒளி எட்டும் ஆழம் அந்தத் தூரத்தில் பாதியோ அதற்கும் குறைவோதான்.

கிளிப்பிலிருந்து இது அடிப்படையிலேயே வேறு. இதற்குத் துடிப்பு தேவையில்லை. பட்டைக்குக் கீழே உள்ள சிறு தமனி, நுண்குழாய், சிரை எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது, அந்தக் கலவையில் முக்கால் பங்கு சிரை ரத்தம் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. அதனால் திசு எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்பதற்குப் பக்கத்தில் வருகிறது இந்த எண். ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் 60-லிருந்து 75-க்குள் இருக்கும். தொடக்க எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, 50-க்குக் கீழே போனாலோ எழுந்து பார்க்க வேண்டும் என்பது பரவலான வழக்கம்.

தொடக்க எண் என்பதில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். அது மயக்க மருந்துக்கு முன்பே, முகமூடியில் ஆக்சிஜன் கொடுக்கும் முன்பே, நோயாளி சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். ஆக்சிஜன் ஏறியபின் எடுத்தால் கோடு செயற்கையாக உயர்ந்துவிடும், பிறகு வருகிற ஒவ்வோர் இறக்கத்தையும் பெரிதாகக் காட்டும். அவசரமாக வந்து சேர்ந்தவருக்குத் தொடக்க எண்ணே கிடையாது. அப்போது 50 என்ற எல்லையையும் இரண்டு நெற்றிப்பக்கங்களின் வித்தியாசத்தையும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஒட்டும் விதம். புருவத்துக்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர், நடுக்கோட்டை விட்டு விலகி, முடி படாமல். நடுக்கோட்டில் ஒட்டினால் கீழே ஓடும் பெரிய சிரைநாளத்தைத்தான் அளப்போம். பக்கவாட்டில் நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தினால் அங்குள்ள மெல்லும் தசையின் ஆக்சிஜன் வந்து கலந்துவிடும். ரத்தக்கட்டு, வீக்கம், பழைய தழும்பு உள்ள இடம் கூடாது. துடைத்து, உலரவிட்டு, விளிம்பு முழுவதையும் அழுத்தி ஒட்ட வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டால் அறை வெளிச்சம் உள்ளே நுழைந்துவிடும். அறுவை விளக்குக்குக் கீழே என்றால் மேலே ஒரு கறுப்புத் துணி.

நம் வீடுகளில் இன்னொன்று உண்டு. அறுவைக்கு முன்னாலும் பின்னாலும் நெற்றியில் திருநீறு பூசாமல் மனம் கேட்காது. நெற்றியில் சாம்பல் இருந்தால் பட்டை பிடிக்காது, குங்குமமும் சந்தனமும் ஒளியில் குறுக்கிடும். தாதி பேசாமல் துடைத்துவிட்டுப் போனால் குடும்பம் மனம் நோகும். “ஆன்ட்டி, அங்கிள் நெற்றியில இந்த ஸ்டிக்கர் ஒட்டணும், மூளைக்கு ஆக்சிஜன் சரியா போகுதான்னு பார்க்க. திருநீற்றை, எதுவும் ஒட்டாம இருக்கிற கையில பூசிவிடலாமா?” என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. இந்த ஒரு கேள்வி, பட்டை தளர்ந்து இரவெல்லாம் பொய் அலாரம் அடிப்பதைத் தவிர்க்கும்.

இனி இந்தக் கருவி ஏமாற்றும் இடங்கள். இவற்றைத் தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், நோயாளிக்கும் கெடுதல்.

முதலாவது தலைத்தோல். கழித்துப் பார்த்தும் தோலின் பங்கு முழுவதும் போவதில்லை. 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 ஆரோக்கியமானவர்களின் தலையைச் சுற்றிக் காற்றுப்பட்டை கட்டித் தலைத்தோலுக்கு மட்டும் ரத்தத்தை நிறுத்தினார்கள். மூளைக்கு எதுவும் ஆகவில்லை. ஆனாலும் இன்வோஸ் எண் சராசரியாக 16.6 புள்ளியும், வேறு இரு தயாரிப்புகளான ஃபோர்சைட் 11.8 புள்ளியும், ஈக்வனாக்ஸ் 6.8 புள்ளியும் விழுந்தன. நோர்அட்ரினலின் கூட்டினால் தலைத்தோல் குழாய்கள் சுருங்கும், நெற்றி எண் இறங்கும். மூளைதான் தவிக்கிறது என்று நினைத்து மேலும் நோர்அட்ரினலின் கூட்டினால் எண் இன்னும் இறங்கும். இந்தச் சுழலில் மாட்டாமல் இருக்க, மருந்தைக் கூட்டிய ஐந்து நிமிடத்துக்குள் வந்த இறக்கத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது கரியமில வாயு. மூளையின் ரத்த ஓட்டம் அதற்கு அடிமை. வென்டிலேட்டரில் மூச்சு எண்ணிக்கையைக் கூட்டியதும் கரியமில வாயு குறைந்து, மூளைக் குழாய்கள் சுருங்கி, நெற்றி எண் விழும். இதயம் அப்படியேதான் இருக்கும். எண் இறங்கினால் ரத்த அழுத்தத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது இதையே.

மூன்றாவது மஞ்சள் காமாலை. இதயம் தளர்ந்து கல்லீரல் வீங்கி, ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ஏறினால், சில கருவிகளில் எண் காரணமில்லாமல் தாழ்ந்து நிற்கும். கருமையான தோலிலும் நிர்ஸ் பெரும்பாலும் குறைத்துக் காட்டும் பக்கம்தான் சாய்கிறது. கிளிப் ஏற்றிச் சொல்கிறது, நிர்ஸ் இறக்கிச் சொல்கிறது. ஒரே நோயாளியில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும் என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் பாதி தீரும்.

நான்காவதுதான் அதிக ஆபத்தானது: நல்ல எண். திசு செத்துப்போனால் அது ஆக்சிஜனை எடுக்காது, எடுக்காவிட்டால் மிச்சம் அதிகமாக இருக்கும், எண் உயர்ந்து நிற்கும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில் இறந்தவர்களின் தலையில் ஒட்டியபோதும் சிலரில் உயிருள்ளவர்களைப் போலவே எண் வந்தது. ஆகவே 75 என்று கண்டு நிம்மதி அடைவதற்கு முன், மூளை இயங்குகிறதா என்று அறிய, கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மீறி நிர்ஸை விட முடியாத இடங்கள் இருக்கின்றன.

எக்மோ அவற்றில் முதலாவது. தொடையில் குழாய் போட்டு ஓடும் இதய எக்மோவில், இயந்திரம் நல்ல ரத்தத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. நோயாளியின் சொந்த இதயம் தேறத் தொடங்கி, நுரையீரல் மட்டும் கெட்டே இருந்தால், இதயம் தள்ளும் அரைகுறை ரத்தம் மேலிருந்து இறங்கி இயந்திர ரத்தத்தை எங்கோ நடுவில் சந்திக்கும். அப்போது காலும் இடது கையும் 100 காட்டும். இதயத் தசையும் மூளையும் நீலமான ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். கிளிப்பை எப்போதும் வலது கையில் மாட்ட வேண்டும், தமனி ரத்தமும் வலது கையிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வலது கையில் துடிப்பு பலவீனமாக இருந்தால் வலது நெற்றியில் ஒட்டிய நிர்ஸ்தான் முதலில் கூவும். இரண்டு நெற்றிகளும் சேர்ந்து விழுந்தால் பெரும்பாலும் இந்தக் கலப்பு, அல்லது அழுத்தம், அல்லது ஹீமோகுளோபின். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் கழுத்து திரும்பியிருக்கிறதா, குழாய் நகர்ந்ததா, பக்கவாதமா என்று அந்த வரிசையில் தேட வேண்டும்.

அதே நோயாளியின் கால். தொடைத் தமனியில் 15 முதல் 19 ஃபிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) அளவுக் குழாய் நுழைந்தால் அதற்குக் கீழே போக இடம் மிச்சம் இருக்காது. அதனால் 6 முதல் 8 ஃபிரெஞ்ச் அளவில் சின்னக் குழாய் ஒன்றைக் கீழ்நோக்கிப் போட்டு காலுக்குத் தனியாக ரத்தம் அனுப்புவார்கள். அந்தச் சின்னக் குழாய் மடங்கிவிடும், உறைகட்டி அடைத்துவிடும். தூக்க மருந்தில் இருப்பவர் வலி என்று சொல்ல முடியாது. எக்மோவில் பாதத் துடிப்பைக் கைவைத்துப் பார்க்கவும் முடியாது. இரண்டு கெண்டைக்கால்களிலும் ஒரே உயரத்தில், ஒரே கோணத்தில் ஒட்டிய நிர்ஸ் இங்கே பெரும் துணை. இரண்டு காலுக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தாலோ, ஒன்று 50-க்குக் கீழே போய்ச் சில நிமிடங்கள் அங்கேயே நின்றாலோ, போர்வையை விலக்கிப் பாருங்கள். முதலில் சின்னக் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, பிறகு அதில் ரத்தம் ஓடுகிறதா என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் கருவி), பிறகு கெண்டைக்கால் கல்லாய் இறுகியிருக்கிறதா. கடைசியில் சொன்னது இருந்தால் அறுவை மருத்துவரை அழைக்க ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டு கால்களும் சேர்ந்து இறங்கினால் அது குழாய்ப் பிரச்சினையல்ல, மொத்த ஓட்டம் குறைந்துவிட்டது.

கேகே மருத்துவமனை போன்ற இடங்களில் பார்க்கும் பிறவி இதயக் குறைக் குழந்தைகள் அடுத்த இடம். ஒற்றைக் கீழறையோடு பிறந்து முதல் அறுவை முடிந்த குழந்தைக்கு விரல் எண் 75 முதல் 85 வரை இருப்பதே இயல்பு. அங்கே விரல் எண்ணை மட்டும் பார்த்து எதையும் கணிக்க முடியாது. நெற்றியில் ஒன்று, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஒன்று என இரண்டு பட்டைகள். சாதாரணமாகக் கீழ்ப்பட்டை நெற்றியைவிட 10, 15 புள்ளி கூடுதலாக இருக்கும். இதயம் தளரும்போது உடல் மூளையைக் காப்பாற்றி மற்ற உறுப்புகளைப் பட்டினி போடும், அப்போது அந்த இடைவெளி சுருங்கும் அல்லது தலைகீழாகும். நெற்றி எண் அசையாமல் இருக்கும்போதே முதுகு எண் சொல்லிவிடுகிறது. இது சிறு குழந்தைக்கு மட்டும்தான். பெரியவருக்கு முதுகில் ஒட்டினால் கொழுப்பையும் தசையையும்தான் அளப்போம், சிறுநீரகம் அவ்வளவு கிட்டே இல்லை. பெரியவர்களுக்குத் தொடை அல்லது கெண்டைக்கால் தசைதான் சரி.

இயந்திரமில்லாத வழிகள்

விரலை அழுத்திப் பார்ப்பதை யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். 2019-ல் வெளியான ஆண்ட்ரோமெடா-ஷாக் ஆய்வு 424 நோயாளிகளில், லாக்டேட்டை (ஆக்சிஜன் பற்றாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) குறிவைத்துச் சிகிச்சை செய்வதையும், அழுத்தி விட்ட விரலில் நிறம் திரும்பும் நேரத்தை, அதாவது நுண்குழாய் நிரம்பும் நேரத்தைக் குறிவைத்துச் செய்வதையும் ஒப்பிட்டது. 28 நாள் இறப்பு விகிதம் லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம், விரல் அழுத்தல் குழுவில் 34.9. புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தொடவில்லை, ஆனால் ஒரு கண்ணாடித் துண்டும் கடிகாரமும் ரத்தச் சோதனைக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்று காட்டியது. அவர்கள் கிருமித்தொற்று அதிர்ச்சி நோயாளிகள், இதய நோயாளிகள் அல்ல. அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

அந்த ஆய்வில் செய்தபடியே செய்ய வேண்டும், கண்மதிப்பில் செய்தால் ஆளுக்கு ஆள் வேறுபடும். வலது ஆள்காட்டி விரலின் நுனிச் சதையில் நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டை வைத்து, வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி அப்படியே வைத்து, விட்டதும் நிறம் திரும்பும் நேரத்தை எண்ண வேண்டும். 3 விநாடிக்கு மேல் என்றால் சரியில்லை. ஏசி குளிரில் கை சில்லிட்டிருந்தால் நேரம் நீளும், முதலில் கையைச் சூடாக்குங்கள். கருந்தோலுக்கும் விரல் நுனிச் சதை பெரும்பாலும் தெளிவாகவே தெரியும், நகம் அவ்வளவு சரிவராது. முழங்காலைச் சுற்றி வலைபோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவதை 0 முதல் 5 வரை மதிப்பிடும் முறையும் உண்டு. மாநிறத்தைவிடக் கருத்த தோலில் அது பார்க்கவே கஷ்டம், நம்மவர்களுக்கு அதை நம்ப வேண்டாம்.

லாக்டேட் தமனிக் குழாயிலிருந்து எடுக்கும் ரத்தம்தான், முழுக்கத் துளையில்லா வழி என்று சொல்ல முடியாது. ஆனால் குழாய் ஏற்கனவே இருப்பதால் ஒப்பீட்டில் சேர்த்தாக வேண்டும். 2 மில்லிமோலுக்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும். இதய வார்டில் இரண்டு விஷயங்கள் அதைக் குழப்பும்: அட்ரினலின் ஓடினால் திசுவுக்கு ஆக்சிஜன் போதுமானதாக இருந்தாலும் லாக்டேட் ஏறும், வீங்கிய கல்லீரல் அதை மெதுவாகவே கழிக்கும். மேலும் அது பழைய செய்தி. இப்போது வந்த எண், ஒரு மணி நேரத்துக்கு முன்னே நடந்ததன் எதிரொலி.

வரப்போகிறவை

செல்லுக்குள்ளேயே ஆக்சிஜன் போதுமா என்று பார்க்கும் இரண்டு வழிகள் கவனத்துக்குரியவை. அமினோலெவுலினிக் அமிலம் தடவிய பட்டையை நெஞ்சுத் தோலில் பல மணி நேரம் ஒட்டி வைத்து, அங்கே உருவாகும் பொருளின் ஒளிர்வு எவ்வளவு சீக்கிரம் அணைகிறது என்பதை வைத்து செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் அழுத்தத்தை அளக்கும் டச்சுக் கருவி ஒன்று. முந்தைய இரவே ஒட்ட வேண்டும், ஒட்டிய தோலை வெளிச்சத்திலிருந்து மறைத்தும் வைக்க வேண்டும். அவசரமாக வந்தவருக்கு இது உதவாது. இரண்டாவது, 2017-ல் பாஸ்டன் சிறார் மருத்துவமனைக் குழு வெளியிட்ட ராமன் ஒளிமுறை. விலங்குகளின் இதயத் தசைமேல் ஒளியைப் பாய்ச்சி, மைட்டோகாண்ட்ரியாவில் எவ்வளவு ஆக்சிஜன் பட்டினி என்று கண்டார்கள், இதயம் நின்றுபோவதை முன்கூட்டியே அது காட்டியது. நெஞ்சு திறந்திருந்த நிலையில் செய்தது அது. இரண்டும் அன்றாடக் கட்டில்பக்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, இன்றைய முடிவில் இவற்றுக்கு இடமில்லை.

சரி, யாருக்கு எது?

முதலில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிர்ஸ் எண்ணைச் சரிசெய்வது எளிது. அதனால் உயிர் பிழைப்பது கூடுகிறது என்று நிரூபிப்பது எளிதாக இல்லை. 2016-ல் வெளியான கனடிய ஆய்வில் அபாயம் மிகுந்த 201 இதய அறுவை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். படிப்படியான வழிமுறையால் 97 சதவீத இறக்கங்களை மீட்டார்கள், பின்விளைவுகளில் வித்தியாசம் தெரியவில்லை. குறைமாதக் குழந்தைகளில் 1,601 பேரை வைத்துச் செய்து 2023-ல் வெளியிட்ட ஆய்விலும் அதே கதை. இதனால் எல்லா இதய நோயாளிக்கும் வழக்கமாக ஒட்டுவதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை. பட்டை ஒருமுறை உபயோகிப்பது, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது, அந்தச் செலவு கடைசியில் யாரோ ஒருவரின் ரசீதில் ஏறும்.

பைபாஸ் முடிந்து, ரத்த அழுத்தம் நிலையாக, கைகால் சூடாக, சிறுநீர் நன்றாகப் போய்க்கொண்டிருப்பவருக்கு விரல் கிளிப், அரைமணிக்கொரு முறை விரல் அழுத்தல், இரண்டு மணிக்கொரு முறை லாக்டேட் போதும். அறுவை அறையில் ஒட்டிய நிர்ஸ் நன்றாக இருந்தால் முதல் இரவு விட்டுவைக்கலாம், புதிதாக ஒட்ட வேண்டியதில்லை.

இதயம் போதிய அளவு இறைக்காத இதய அதிர்ச்சி நிலையில், ரத்த அழுத்தத்தைத் தாங்க இரண்டு மருந்துகள் ஏறிக்கொண்டிருப்பவர் வேறு. கிளிப் தடுமாறும், அட்ரினலின் லாக்டேட்டைக் குழப்பும். இங்கே தொடைத் தசையில் ஒன்றும் நெற்றியில் ஒன்றும் ஒட்டுவதையே நாங்கள் சொல்வோம். தசை முதலில் இறங்கும், நெற்றி பிறகு. தசை இறங்கி நெற்றி நிற்கிறது என்றால் உடல் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கிறது; இரண்டும் இறங்கினால் அந்தத் தாக்குப்பிடிப்பு முடிந்துவிட்டது. நெற்றியில் மட்டும் ஒட்டுவது இந்த நோயாளிக்குப் பாதிக் கதைதான் சொல்லும்.

தொடை வழி எக்மோவுக்கு நான்கு பட்டைகள்: இரு நெற்றி, இரு கெண்டைக்கால். இதில் சமரசம் வேண்டாம். இருப்பது இரண்டு பட்டைகளை மட்டும் இணைக்கக்கூடிய கருவி என்றால் வலது நெற்றியும் குழாய் போட்ட காலும். மற்றக் காலை மணிக்கொரு முறை டாப்ளர் வைத்துப் பார்க்க வேண்டும், கையால் தொட்டுச் சூட்டையும் ஒப்பிட வேண்டும். இதயத் துணைப் பம்போடு இருப்பவருக்குத் துடிப்பு மெலிந்தால் நெற்றியில் ஒன்று போதும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெவ்வேறு தயாரிப்புகளின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது; கலவை விகிதம், அலைநீளங்களின் எண்ணிக்கை, கணக்கிடும் முறை எல்லாம் வேறு. அறுவை அறையில் ஒரு தயாரிப்பும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னொன்றும் இருந்தால், நோயாளி கதவைக் கடக்கும் அந்த நிமிடமே தொடக்க எண் செல்லாக்காசாகிவிடும். சுகாதார அறிவியல் ஆணையத்தில் பதிவான எந்தத் தயாரிப்பானாலும் சரி, இரண்டு இடங்களிலும் ஒன்றையே வையுங்கள்.

வேலைநேரம் மாறும்போது ஒப்படைக்கும் குறிப்பில் இவ்வளவும் இருக்கட்டும்: எந்தத் தயாரிப்பு, பட்டை எந்தெந்த இடத்தில், எப்போது ஒட்டியது, தொடக்க எண் எது, அது ஆக்சிஜனுக்கு முன்பா பின்பா, கடைசி ரத்தச் சோதனையில் கிளிப்புக்கும் தமனி ரத்தத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு, ஹீமோகுளோபின், கரியமில வாயு, ஓடும் மருந்தின் அளவு. பிறகு பட்டையின் ஓரத்தைத் தூக்கி அடியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, சிவந்திருந்தால் அரை அங்குலம் நகர்த்தி ஒட்டி, நகர்த்திய நேரத்தையும் புது எண்ணையும் எழுதிவிடுங்கள்.